சென்னையில் போட்ட ஊசி

"இந்தச் சீக்கோட என் மகன் வீட்டுல இருக்கப்படாது. கெளம்புடி!"

ஒச்சம்மா மருமகளின் துணிப்பையைத் தூக்கி வாசலில் வீசினாள். துறைமுகத்தை ஒட்டிய ஹேடோ குவார்ட்டர்ஸில் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

சௌமியா நான்கு மாதக் கர்ப்பிணி. ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்துவிட்டது. போக்கிடம் ஏது? கார் நிக்கோபாரில் இருந்த அப்பா, அம்மா இரண்டு பேரையும் சுனாமி வாரிக்கொண்டு போயிருந்தது.

"அத்தை, நர்சிங் படிக்கிறப்போ சென்னையில எச்.ஐ.வி. தடுப்பூசி சோதனைக்குப் பேர் குடுத்தேன். அந்த ஊசி போட்டவங்களுக்கு நோய் இல்லாட்டியும் டெஸ்ட் பாசிட்டிவ்னு காட்டும். நம்புங்க."

"ஊரை மேஞ்சவ ஊசி மேல பழி போடுறா!"

"அரே, போதும்மா!" கப்பலில் வேலை பார்க்கும் அவள் புருஷன் விஜயன் குறுக்கே வந்து நின்றான். "அவ சொல்றது பக்கா. ஊசியாலதான் அப்படிக் காட்டுது. இனி யாராவது வாயைத் தொறந்தீங்க, நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

பையை அவனே எடுத்துவந்து உள்ளே வைத்தான். சௌமியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவளையே எதிர்த்து நிற்கிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டா அத்தை வாயை அடைச்சிடலாம்" என்றாள்.

"எனக்கெதுக்கு? ஊசி போட்டுக்கிட்டது நீதானே?" என்று சிரித்தான்.

ஊசியா, நோயா என்று பார்க்க சௌமியாவின் ரத்தம் சென்னைக்குப் போனது. தடுப்பூசிச் சோதனையை நடத்திய டாக்டர் வசந்தகுமாரி மறுவாரம் போன் செய்தார்.

"தனியா இருக்கியாம்மா?"

"இல்ல டாக்டர், ஸ்பீக்கர்ல போடுறேன். அத்தையும் அவரும் கேக்கட்டும்."

டாக்டர் தயங்கினார். "மனசைத் திடப்படுத்திக்கோ. அந்தச் சோதனையில பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு அப்போ எங்களுக்கே தெரியாது. இப்பத்தான் பார்த்தோம். உனக்குப் போட்டது உப்புத் தண்ணி."

"அப்போ... எனக்கு?"

"நோய் நிஜம்தாம்மா. குழந்தைக்குத் தொத்தாம இருக்க மருந்து இருக்கு, உடனே ஆரம்பிக்கணும். உன் வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லு."

சௌமியா போனை வைத்தாள். ஒச்சம்மாவுக்கு வெறியே வந்துவிட்டது.

"கேட்டியாடா? இந்தப் பாவி உனக்கும் ஒட்ட வச்சிருப்பா. வா, இப்பவே போய் டெஸ்ட் எடு!"

விஜயன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"எடுத்தாச்சும்மா. கல்யாணத்துக்கு முன்னாடியே."