ஆட்டம் முடியும் வரை

“உடம்பு சில்லுனு கீதேடி. எப்போ போச்சு உசுரு?”

கட்டிலில் கிடந்த முத்தம்மாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுத் தாயம்மா கேட்டாள்.

“ராத்திரி பத்து மணிக்கு,” என்றாள் மகள் சாமுண்டீஸ்வரி.

“பத்து மணிக்கா? இப்போ வெடிஞ்சி ஆறாவுது. கதவ சாத்திகினு கம்முனு இருந்தியா? ஒரு அழுகை இல்ல, ஒப்பாரி இல்ல. நீயெல்லாம் ஒரு பொண்ணா?”

சாமுண்டீஸ்வரி அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதற்குள் நெமிலிச்சேரியில் பாதிப் பேர் வாசலில் கூடிவிட்டார்கள். ஊர் வாய்க்குக் கேட்கவா வேண்டும்? கல்நெஞ்சுக்காரி என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

அண்ணன் பரந்தாமன் முகத்து அரிதாரத்தோடு ஓடிவந்தான். அம்பத்தூர் கம்பெனி வேலையை உதறிவிட்டுக் கூத்தாடப் போனவன். “என் வாசப்படிய மிதிக்காதே” என்று அம்மா சொல்லி ஒன்பது வருஷம்.

நேற்று விடிய விடிய, இரண்டு தெரு தள்ளி, அம்மன் கோயில் திடலில் அவன் கூத்துதான். சாகக் கிடக்கும் தாயின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுப் பாடும் மகன் வேஷம். பாட்டைக் கட்டியதும் அவனே. கேட்டு ஊரே அழுதது.

இப்போது அவன் பிடித்த அம்மாவின் கால் விறைத்திருந்தது.

“ஒரு ஆள அனுப்பக் கூடாதா சாமுண்டி? வேஷத்தோட ஓடியாந்திருப்பேனே. கடைசியா ஒரு வார்த்த பேச உடாம பண்ணிட்டியே, பாவி.”

“சாயந்திரம் ஆட்டோவுல மைக்கு கட்டிகினு வந்து, நீ இன்னா வேஷம் கட்டறன்னு சொன்னாங்க. படுத்த படுக்கையா கெடந்த அம்மா அத கேட்டுச்சு.”

“கேட்டுட்டு?”

“‘ஊர்ல அம்மன் திருவிழாவுக்கு காப்பு கட்டிக்கீது. சாவுன்னு தெரிஞ்சா கூத்த நிறுத்திடுவாங்க. எனக்கு இன்னா ஆனாலும் வாயத் தொறக்காத. ஒம்போது வருசம் கழிச்சி எம்புள்ள என்னாண்ட மன்னிப்பு கேக்கறான். நான் கேக்காட்டி போவுது, அவன் முழுசா பாடி முடிக்கட்டும்’னு சத்தியம் வாங்கிச்சு.”

தாயம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சாமுண்டீஸ்வரி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆட்டம் முடிஞ்சிடுச்சில்ல அண்ணா? இப்போ நான் அழலாமா?”