கெட்டிப் பட்டை

"எந்த விரல் மரத்துப் போகுது?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

"அம்மாவுக்குச் சுண்டு விரலும் மோதிர விரலும். ரெண்டு கையிலயும்," என்றாள் மகள்.

"அப்போ முழங்கையில நரம்பு அழுந்துது. மெத்தைப் பட்டை போதாது. கையை மடக்கவிடாத கெட்டிப் பட்டைதான் வேணும்."

மகள் டாக்டர் சீட்டை நீட்டினாள். மணிக்கட்டுக்கும் சேர்த்து எழுதியிருந்தார். ஆறு வாரம், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம்.

"இவ வேண்டாததை நம்ம தலையில கட்டப் பாக்குறா. வா, போகலாம்," என்றாள் அம்மா.

கடைக்காரப் பெண் கோபப்படவில்லை. சிரித்த முகமாகவே பட்டைகளை எடுத்து வைத்தாள்.

"அடம் பிடிக்காதேம்மா. தசை கரைஞ்சு போனா திரும்ப வராதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"அதுக்காக ஆறு வாரம் நான் வாயைக் கட்டிக்கிட்டுக் கிடக்கணுமா?"

அம்மாவின் வலது கையில் ஒருவழியாகப் பட்டையை இறுக்கிய கடைக்காரப் பெண்ணுக்கு இடது கை பிடிபடவில்லை.

"அம்மா கையை ஆட்டிக்கிட்டே இருக்காங்களே?"

"பேசுறாங்க," என்றாள் மகள். "பிறந்ததிலேருந்து காது கேக்காது, பேச்சும் வராது. எங்க வீட்ல எல்லாப் பேச்சும் கையாலதான்."

கடைக்காரப் பெண் கையிலிருந்த பட்டையைக் கீழே வைத்தாள். "அப்போ மெத்தையானதே தரட்டுமா?"

மகள் அதைக் கையால் அம்மாவிடம் சொன்னாள். அம்மா இடது கையால் மட்டும் மெதுவாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

மகள் கடைக்காரப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"ஆறு வாரம் பேசாம இருந்துக்கறாங்களாம். ஆயுசு முழுக்கப் பேசாம இருக்க முடியாதாம்."

அதற்குள் அம்மா இடது கையை நீட்டியிருந்தாள்.