பத்தாவது ஆள்

கடன் குழுவில் ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் எழுந்து போகக்கூடாது. அதுதான் சட்டம். கோழிக்காரி வீட்டு வாசலில் காலையில் உட்கார்ந்த பெண்கள் மதியம் தாண்டியும் அசையவில்லை.

அந்த வழியாக வந்த போதகருக்குப் பொறுக்கவில்லை. மிஷனிலிருந்து ஆறு மாதமாகச் சம்பளம் வரவில்லை. வந்திருந்தால் அவரே கட்டித் தொலைத்திருப்பார்.

"வராதது யாருன்னு சொல்லுங்க. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

பேரைச் சொல்வதற்காக, கூடவே காத்திருந்த கடன் கம்பெனி வசூல்காரர் நோட்டைப் புரட்டினார்.

"பேரெல்லாம் வேண்டாம் சார், நாங்களே கட்டிடறோம்" என்று கோழிக்காரி முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். வசூல்காரர் எண்ணி வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

போதகர் பொரிந்து தள்ளினார். "அவளுக்குப் புருஷன்னு ஒருத்தன் இருப்பானே, அவனுக்குச் சொரணை வேண்டாம்? ஞாயித்துக்கிழமை ஆராதனையில எல்லார் முன்னாடியும் கேக்கறேன்!"

"கேக்காதீங்க ஐயா" என்றாள் கோழிக்காரி, தலையைக் குனிந்தபடி. "உங்க வீட்டம்மாதான். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

வீட்டில் அடுப்பு அணையாததற்கு, ஆறு மாதமாக ஒவ்வொரு வேளையும் அவர் ஆண்டவருக்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.