மழை விடட்டும்

பெற்றீசியாவுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. டிக்கோயாவில் வாடகைக்கு எடுத்த வீட்டின் தகரக் கூரை மாதக்கணக்கில் ஒழுகுகிறது. வீட்டுக்காரர் ஆண்டியப்பனோ வாசலில் நின்றுகொண்டு அதை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

“தகரத்த எப்பங்க மாத்துவீங்க?”

“மழை விடட்டும், பாப்போம்.”

“போன தடவையும் இதத்தானே சொன்னீங்க?”

“ஒங்களுக்கு மட்டுமா ஒழுகுது? எல்லாருக்கும்தான் ஒழுகுது.”

“புள்ள காய்ச்சலோட கட்டில்ல நனையிது. நீங்கல்லாம் மனுசன்தானா?”

“பாயக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்க.”

கட்டில் என்றால் பாய் என்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருக்கும் கணவன் றோலண்ட், வார லீவுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தான்.

“இந்த ஆளு பேசுறதக் கேளுங்க. இதையெல்லாம் எங்கதான் படிச்சாரோ.”

வீட்டுக்காரரை அதுவரை பார்த்திராத றோலண்ட், வாசலில் நின்றவரைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டான். ஆண்டியப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கினார்.

“ஐயாகிட்டதாம்மா படிச்சேன். இது மாமனார் விட்டுட்டுப் போன வீடு. நான் வேல செய்யிறது ஐயாவோட தோட்டத்துல, குடியிருக்கிறது தோட்டம் குடுத்த லயத்து வீட்டுல. அந்தக் கூரை ஒழுகி எம்புள்ள நனைஞ்ச பாயில கெடந்தப்ப, தகரம் மாத்தித் தாங்கன்னு ஆபீஸ் யன்னல்ல போயி நின்னேன். ஐயா சொன்னதுல ஒரு வார்த்த நான் மாத்தல.”

துண்டை மறுபடி தலையில் கட்டினார்.

“ஒங்களுக்குத் தகரம் வெளிய எறக்கியிருக்கு. நாளைக்குப் போட்டுருவேன்.”

பெற்றீசியாவின் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. கணவன் பக்கம் திரும்பினாள்.

“லயத்துத் தகரத்த எப்பங்க மாத்துவீங்க?”

றோலண்டின் வாயில் முதலில் வந்தது, “மழை விடட்டும்” என்பதுதான்.