எல்லாரும் வாங்கி முடியும்வரை

நற்கருணை அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இந்தக் கத்தோலிக்கக் கோயிலில் யாரும் இப்படிச் செய்வதில்லை. சாமியார் கொடுத்ததும், அங்கேயே, திரும்புவதற்கு முன்பே சாப்பிட்டுவிட வேண்டும். எட்டு வயதில் முதன்முதலாக இதை வாங்கும் புதுநன்மைக்கு முன்னால் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம்.

பதினோரு வருடத்தில் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் சபைக்குப் போய்விட்டேன். அங்கே தட்டு ஒவ்வொரு வரிசையாக வரும். ஆளுக்கொரு சின்னத் துண்டு ரொட்டி. எல்லாரும் எடுத்து முடியும்வரை கையிலேயே வைத்திருப்போம். பாஸ்டர் சொன்னதும் ஒன்றாகச் சாப்பிடுவோம்.

இப்போதும் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். இல்லாத பாஸ்டர் சொல்லட்டும் என்று!

சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை மாலைப் பூசை. கடைக்குப் போய்வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். பொய் இல்லை. கடைக்கும் போனேன். வாங்கியது துணிப்பையில், என் காலடியில் இருந்தது.

போன இரண்டு சனிக்கிழமையும் இதே கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறேன். எல்லாம் மகளின் பள்ளிக்கூடப் படிவம் செய்த வேலை. மதம் என்ற கட்டத்தில் கிறிஸ்தவம் என்று எழுதிவிட்டேன். அடுத்த கட்டம், பிரிவு. பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"இதுக்கெல்லாமா யோசிப்பே?" என்றார் கணவர். அவர் சபையில் கீபோர்டு வாசிப்பவர். பிறந்த இடத்திலேயே இருக்கிறவருக்கு யோசனை எதற்கு? எனக்கோ, கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அது கணக்கில் வராது என்று பெரியவளான பிறகு தொட்டியில் முக்கி எடுத்தார்கள். இரண்டு ஞானஸ்நானம் வாங்கியும் ஒரு கட்டத்தை நிரப்பத் தெரியவில்லை.

இன்று கால்கள் என்னைக் கேட்காமல் வரிசையில் போய் நின்றன. "கிறிஸ்துவின் உடல்" என்றார் சாமியார். வாய் என்னைக் கேட்காமல் ஆமென் என்றது.

பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. பூசைக்கு வேண்டியதை எடுத்துவைக்கும் கோயில்பிள்ளை. பார்த்துவிட்டார்.

"சாப்பிடுங்கம்மா. இல்லன்னா சாமிகிட்ட திருப்பிக் குடுத்துடுங்க. கையில வெச்சுக்கக் கூடாது."

இரண்டில் ஒன்று. அவ்வளவுதான் கேட்டார். மூன்று வாரமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

இது வெறும் ரொட்டி, ஒரு நினைவு அடையாளம் என்று பதினோரு வருடம் தலையாட்டியிருக்கிறேன். ஒப்புக்கு ஆட்டவில்லை, நம்பித்தான் ஆட்டினேன். அப்படியானால் லபக்கென்று வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? கை ஏன் இப்படி நடுங்குகிறது?

இங்கே சொல்வதுபோல் இது ஆண்டவரேதான் என்றால், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் பக்கமே போகாத நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவது?

சாப்பிட்டால் அந்தச் சபைக்குத் துரோகம் செய்த மாதிரி இருந்தது. திருப்பிக் கொடுத்தால் எட்டு வயதில் வெள்ளை கவுனில் நின்றவளுக்கு. உள்ளங்கை வேர்த்து, அப்பம் தோலோடு ஒட்டத் தொடங்கியிருந்தது.

"அங்க எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் எங்கே என்று கேட்கவில்லை. பைத்தியமோ என்றுகூட நினைத்திருக்கலாம். திரும்பி வரிசையைப் பார்த்தார். கடைசியாக ஊன்றுகோலோடு ஒருவர் வாங்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்தார்.

"எல்லாரும் வாங்கியாச்சும்மா," என்றார்.

சாப்பிட்டேன்.

ஒரு ருசியும் இல்லை. எட்டு வயதிலும் இப்படித்தான் இருந்தது. அதை அம்மாவிடம் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது நாக்கில் கரைந்து இறங்கும்போது பயம்தான். சந்தோஷமும் இருந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கோயில்பிள்ளை என் உள்ளங்கையைச் சுட்டிக்காட்டினார். ரேகைக்குள் வெள்ளையாக ஒரு துணுக்கு. சின்னப் பிள்ளை மாதிரி நக்கி எடுத்தேன்.

அப்போதும் அவர் போகவில்லை. கண் என் காலடிக்குப் போனது.

"பையில என்ன?"

"ரொட்டி," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ரொட்டிதான். நாளை மாதத்தின் முதல் ஞாயிறு. சபையில் தட்டில் வைத்துக் கொடுக்கும் ரொட்டி. ஆறு வருடமாக நான்தான் வாங்குகிறேன். நான்தான் ஓரம் சீவி, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி அடுக்குகிறேன். சமையல் மேடையில் உதிர்ந்த தூளை ஈரத்துணியால் வழித்துக் குழாயடியில் உதறிவிடுவேன். ஒரு நாளும் கை நடுங்கியதில்லை.

வீட்டுக்குப் போனதும் வெட்ட வேண்டும்.

குனிந்து, பையைத் தரையிலிருந்து எடுத்து, மடியில் வைத்துக்கொண்டேன்.