மேடைக்கு ஆகாத அடி

"போனைக் குடு."

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில், மகளுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாள் அம்சவள்ளி. அபிநயா மறுபேச்சுப் பேசாமல் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் கொடுத்தாள். அதை ஏற்கெனவே அணைத்து வைத்திருந்தாள்.

ஊரில் என்றால் இந்நேரம் வீடே இரண்டுபட்டிருக்கும். பதினோராம் வகுப்புப் பெண்ணிடமிருந்து போனை வாங்குவது என்ன லேசுப்பட்ட காரியமா? வெளிநாடு வந்ததும் பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது போலிருக்கிறது.

வாசலில் தமிழ்மாறன் தயங்கி நின்றான். கூட வாசிக்கிற பையன், அடுத்த தெருக்காரன். "அபி, ஒரு நிமிசம் வாயேன்..."

அம்சவள்ளி குறுக்கே போய் நின்றாள். "அவகிட்ட உனக்கென்னப்பா பேச்சு? எதுவா இருந்தாலும் நாளைக்குப் பேசிக்கலாம், போ."

மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சிரிக்கட்டும். காதலும் கத்தரிக்காயுமா அவளுக்கு இப்போது கவலை?

குரும்பலூரிலிருந்து மலேசியாவின் கிள்ளானுக்கு வந்திருந்த பறைக்குழு அது. எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இங்குள்ள தமிழ்ச் சங்கத்தார் விழாவுக்கு அழைத்திருந்தார்கள். நான்கு பெண்பிள்ளைகளுக்குத் துணையாக வந்த ஒரே பெரியவள் அம்சவள்ளிதான்.

சற்று முன்தான் ஊரிலிருந்து கணவன் அரியமுத்து பேசினான்.

"வள்ளி, மனச திடப்படுத்திக்க. மணிவேலு போயிட்டான். காலைல நெஞ்ச புடிச்சிக்கிட்டு உக்காந்தவன்தான்."

மணிவேல் அவளுடைய ஒரே தம்பி. அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். அபிநயாவுக்கு முதல் பறையை வாங்கித் தந்த தாய்மாமன். திருச்சி விமான நிலையத்தில் போலீஸ்காரர் முறைக்க முறைக்க விசிலடித்து வழியனுப்பியவன்.

"நீ வர்ற வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சிருக்கட்டுமா?"

"வேணாங்க. நான் கிளம்புனா பொட்டப் புள்ளைங்க அத்தனையையும் கூட்டிக்கிட்டுல்ல வரணும்? நிகழ்ச்சியே நின்னுடும். எனக்காகக் காக்க வைக்காதீங்க, எடுத்துருங்க. அபிகிட்ட மட்டும் யாரும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா குச்சியத் தொடமாட்டா."

"சரி. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவோம்."

கூடப்பிறந்தவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் அனுப்பச் சொல்லிவிட்டோமே என்று கழிவறைக்கு ஓடினாள். குழாயைத் திறந்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவியதும் நேராக மகளின் போனை வாங்கத்தான் வந்தாள். ஊர்ப் பையன்கள் இருக்கிறார்களே, வீட்டு வாசலில் பந்தல் போடுமுன்பே கண்ணீர் அஞ்சலி என்று ஸ்டேட்டஸ் வைத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்தப் பிள்ளை போனை எடுத்தாலும் பக்கத்தில் போய் நின்றாள். அரங்கத்தில் தீ மூட்டக் கூடாது என்பதால், பயிற்சியாளர் அறிவழகன் தோல் விறைப்பதற்காக ஹேர் டிரையரை வைத்துப் பறைகளைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். "குடுங்க தம்பி, நான் காட்டுறேன்" என்று அதையும் வாங்கிக்கொண்டாள். சும்மா உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும்.

சாயங்காலம் சங்கத்துப் பெண்கள் மல்லிகைச் சரம் கொண்டுவந்தார்கள். பெண்பிள்ளைகள் தலை நிறைய வைத்துக்கொண்டார்கள். அபிநயா மட்டும் கையைத் தட்டிவிட்டாள்.

"எனக்கு வேணாம்."

"ஏன்டி, ஒரு கண்ணியாவது வச்சிக்கயேன்?"

"வேணாம்மா, வுடு."

போனை வாங்கிய கோபம். அம்சவள்ளி வற்புறுத்தவில்லை. தனக்கு நீட்டிய சரத்தையும் தலையில் வைக்காமல் பையில் போட்டுக்கொண்டாள்.

நிகழ்ச்சி தொடங்கியது. முதல் அடியிலேயே கூட்டம் எழுந்து ஆட ஆரம்பித்தது. அபிநயா சலங்கைக் காலைத் தூக்கிச் சுழன்றபோது, தம்பியின் விசில் கேட்காதா என்று அம்சவள்ளியின் காது தன்னால் தேடியது. இங்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஊரில் இன்னும் வெயில் இருக்கும், இப்போதுதான் தூக்குவார்கள்.

எல்லாம் முடிந்து வணக்கம் சொல்ல வேண்டிய நேரம். அபிநயா மட்டும் முன்னால் வந்து தனியாக அடிக்க ஆரம்பித்தாள்.

அம்சவள்ளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாடை தூக்கும்போது அடிக்கிற அடி அது. சாவு அடியை மேடையில் அடிப்பதில்லை என்பதுதான் அந்தக் குழுவின் முதல் கட்டுப்பாடு. சாவுக்குத்தான் பறை என்று பேசிய வாய்களை அடைக்கத்தானே இவ்வளவு பாடும்?

தமிழ்மாறன் அவளோடு சேர்ந்துகொண்டான். பிறகு ஒவ்வொருவராக எல்லாப் பறையும் சேர்ந்தன. விவரம் தெரியாத சனம் விடாமல் கைதட்டியது.

"யாரக் கேட்டு இத அடிக்கிறா?" அறிவழகன் பல்லைக் கடித்தார்.

"கைதட்டுன சந்தோசத்துல அடி மாறிப்போயிருக்கும் தம்பி. சின்னப் புள்ள, ஒன்னும் சொல்லாதீங்க." அம்சவள்ளி முந்திக்கொண்டு சொன்னாள். விவரம் தெரியாமல் மாமனுக்கே அடிக்கிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அபிநயா படியிறங்கி வந்தாள். அறிவழகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோளிலிருந்து பறையைக் கழற்றாமலே அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"மாமாவ எடுத்துட்டாங்களாம்மா?"