அப்பா பத்திரப்படுத்திய பட்டியல்

பாடகரான என் அப்பாவுக்கு இரங்கல் கூட்டம். எங்கள் தெரு சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தால் விடுகிற ஆளா?

“பள்ளிக்கூடக் கூரைக்கு நிதி வேணுமா, ஆஸ்பத்திரியில நோயாளிக்கு ஆறுதல் வேணுமா, காசு வாங்காமப் பாடினாரு! அந்தக் குரல்தான் இந்தத் தெருவுக்கே உயிர்!”

கைக்குட்டை கண்ணுக்குப் போனது. கண் என்னவோ போட்டோகிராபர் மேலேயே இருந்தது.

அடுத்துப் பேசுகிறவர்களை, கையிலிருந்த பழைய தாளைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தேன். பல் டாக்டர் தேம்பினார். டியூஷன் டீச்சர், “அவர் பாட்டைக் கேட்டுத்தான் கண்ணே முழிப்பேன்” என்று மூக்கைச் சிந்தினார்.

தலைவருக்கு ஒரே பூரிப்பு. “ஒருத்தரையும் விடாம எப்படிம்மா பட்டியல் போட்ட?”

“நான் போடல அங்கிள். அப்பா பீரோவுல பத்திரமா வச்சிருந்தது.”

“பாத்தீங்களா, நம்ம மேல எவ்வளவு பிரியம்! எல்லாப் பேரையும் மைக்கிலயே படிச்சிடும்மா.”

முதல் வரியிலிருந்தே படித்தேன்.

“இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு. பாட்டு என்ற பெயரில் எங்கள் நிம்மதியைக் கெடுக்கும் மேற்படி நபரை, இந்தத் தெருவை விட்டே காலி செய்ய வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு…”

மைக் வயரைப் பிடுங்க ஓடினார் தலைவர். முதல் கையெழுத்து அவருடையது.